வாழைப்பழத்தில் மருந்து எச்சம்: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முசிறி, தொட்டியம் காவிரிக் கரையில் பூவன், ஏலரிசி, நேந்திரன் எனப் பல ரக வாழை விளைகிறது. உள்ளூர் மண்டியில் தாரின் எடையையும் காயின் திரட்சியையும்தான் பார்ப்பார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பினால் பூச்சிமருந்து எச்சத்தையும் அளப்பார்கள். தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துக்கு அங்கே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. ஒரு டன் பழத்துக்குக் கணக்கிட்டால் மொத்தமே 10 மில்லிகிராம்.

இவ்வளவு சிறிய அளவை அளக்க, பழத்தைத் தோலோடு அரைத்து, கரைப்பான் ஊற்றிக் குலுக்கிச் சாறு எடுக்கிறார்கள். 'தோலை உரித்துத்தானே சாப்பிடுகிறோம்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சாற்றில் மருந்தோடு சர்க்கரை, நிறமி, மெழுகு எல்லாம் கலந்திருக்கும். ஓரளவு சுத்தம் செய்து, அதை மெல்லிய பிரிப்புக் குழாயில் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். குழாய்க்குள் இருக்கும் பொருளோடு ஒட்டாதது முந்தி வரும். ஒட்டுவது பிந்தி வரும். கருவி அவற்றைத் தனித்தனியே அளந்துவிடும்.

இந்த முறை பிறந்ததே இலைச்சாற்றில்தான். 1900-களின் தொடக்கத்தில் மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலர், சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன.

தூள் நுண்ணியதாக ஆக, பிரிப்பு துல்லியமாகும். ஆனால் திரவத்தைத் தள்ளும் அழுத்தமும் ஏறும். இதற்கு மாற்றாக, 1992-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃப்ரான்டிசெக் ஸ்வெக், ழான் ஃப்ரெஷே இருவரும் மூலப்பொருளைக் குழாய்க்குள்ளேயே ஊற்றிச் சூடாக்கி, துளைகள் நிறைந்த ஒரே பாலிமர் தண்டாக இறுக வைத்தார்கள். ஸ்பாஞ்சு போன்ற அதன் துளைகளில் திரவம் எளிதாக ஓடும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு இது மிகவும் ஏற்றது. மருந்து எச்சம் போன்ற சிறியவற்றுக்கு இன்றும் சிலிக்காத் துகள் குழாய்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

பலருடைய பழம் ஒரே சரக்காகப் போகும்போது, ஒருவர் தோட்டத்து எச்சம் எல்லோருக்கும் நட்டமாகலாம். எனவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

• வாழைக்குப் பரிந்துரைத்த மருந்தை, சொன்ன அளவில் மட்டும் தெளிக்கவும்.

• லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்தபிறகே தார் வெட்டவும். ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினாலும் போகாது.

• வேறு பயிருக்குப் பயன்படுத்திய தெளிப்பானை நன்கு கழுவவும்.

• தேதி, மருந்து, அளவு மூன்றையும் நோட்டில் எழுதி வைக்கவும்.

• ஏற்றுமதி எண்ணம் இருந்தால், வாங்கும் நாட்டின் வரம்பைத் தெளிப்பதற்கு முன்பே வியாபாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.