மாற்றிய மூட்டும் மறுபடி நடையும்

கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் கண்மாய்களுமாக விரிந்து கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மனித வாழ்க்கையின் பெரும்பகுதி தரையோடு ஒட்டியே நடந்துவந்திருக்கிறது. பருத்திக்காட்டில் குத்தவைத்துக் களை எடுப்பதும், தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்து நெய்வதும், கரிமூட்டத்துக்கு விறகடுக்குவதும், வீடு திரும்பினால் சம்மணமிட்டு உண்பதும் என, இடுப்பு மூட்டை நன்றாக மடக்காமல் முடியும் காரியம் இங்கே சொற்பமே. ஆகவே இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இவ்வூர்களுக்குத் திரும்புகிறவர், நடையை மட்டுமல்ல, இருப்பதையும் எழுவதையுமே புதிதாய்ப் பயில வேண்டியவராகிறார்.

தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள், ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல் சுழல்கிறது. வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்தாலோ, ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்புத் தலை மடிந்தாலோ, ஈரத் தரையில் வழுக்கி விழுந்த முதியவருக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிந்தாலோ, செயற்கை மூட்டு வைக்க நேர்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர் முதலில் பொருத்திய டெப்ளான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோக, மனந்தளராமல் 1962 நவம்பரில் அவர் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சிறிய உலோகத் தலையையும் இணைத்த முறையே இன்றைய சிகிச்சைக்கு அஸ்திவாரமாயிற்று.

ஆனால் சத்திர வைத்தியர் தருவது மூட்டை மட்டுமே. நடையைத் தருவது தசை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் தாங்கிப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை. நெடுநாள் வலியாலும் அறுவையாலும் அது நலிந்திருப்பதால்தான், வலி தீர்ந்த பின்னும் பலர் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள். பெரும்பாலும் அறுவைக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் செய்வதும், படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்வதும், ரத்தம் உறையாமல் காத்துத் தசையை எழுப்பும் அப்பியாசங்கள். பிற்பாடு கைத்தடிக்கு மாறும்போது அதை அறுத்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மவர் இயல்பாக நோகிற பக்கமே ஊன்றுகிறார்கள், அதனால் தசையின் சுமை குறைவதில்லை. படி ஏறுகையில் நல்ல கால் முன்னே, இறங்குகையில் அறுத்த கால் முன்னே செல்ல வேண்டும்.

பின்புறமாகக் கீறி மூட்டை மாற்றியவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை, தொடையை 90 பாகைக்கு மேல் மடக்கவோ, கால்மேல் கால் போடவோ, பாதத்தை உட்புறம் திருப்பவோ கூடாது, மூட்டு நழுவிவிடும். தாழ்ந்த மணைப் பலகையும் தரைக் கழிப்பறையும் இக்காலத்தில் அபாயகரமானவை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுமுன்பே வீட்டில் உயரமான நாற்காலியும், உட்காரும் கழிப்பறையும், சுவரில் கைப்பிடியும் தயாராவது அவசியமென்று நான் உறுதியாக நினைக்கிறேன். அறுவைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஏற்றுக்கொண்டாலும், கழிப்பறையைக் கட்டிக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பாகவே இருக்கிறது.

அன்பின் மிகுதியால், “அசையாதீங்க அப்பத்தா” என்று கட்டிலிலேயே கிடத்திவைக்கும் பிள்ளைகள், தாமறியாமலே அவர் தசையை மேலும் மெலியச் செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடு இருப்பது, பேருந்துக்குக் காத்திருக்க இயலாத கிராமத்து முதியவர்களுக்குப் பேருபகாரம். “இன்னும் ரெண்டு எட்டு வைங்க ஆத்தா” என்று திண்ணையோரம் ஒருவர் கூடவே நடந்து சொல்லும்போது உண்டாகும் தைரியத்தை, மருத்துவமனையில் அச்சிட்டுத் தரும் தாள் தருவதில்லை.

தறிக்குழியில் இறங்குவதும் காட்டு வேலைக்குத் திரும்புவதும் அறுவை செய்த வைத்தியரின் அனுமதி பெற்றே நிகழ வேண்டியவை. கெண்டைக்கால் திடீரென வீங்கி நோவதோ, தையலிலிருந்து நீர் வடிந்து காய்ச்சல் காண்பதோ, கால் சட்டெனக் குட்டையானதுபோலத் திரும்பிக்கொள்வதோ நேர்ந்தால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று ஒரு நாள்கூடத் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.