புதுக் கூண்டில் பச்சோந்தி!
முதல் 2 வாரம்தான் கண்டம். பிழைக்க வைப்பது எப்படி?

பச்சோந்தி நிறம் மாறும். இது எல்லோருக்கும் தெரியும். கட்சி மாறுகிறவரைக்கூட "பச்சோந்தி" என்றுதான் ஏசுகிறார்கள்.

பச்சோந்தி பயந்தால் என்ன ஆகும்? இது பலருக்குத் தெரியாது.

பயந்த பச்சோந்தி தீனி தின்னாது. தண்ணீர் குடிக்காது. கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். உடம்பு கறுத்துப் போகும். பயம் தெளியாவிட்டால், அப்படியே வாடிச் செத்தும் போகும்.

புதிதாக ஒரு கூண்டுக்கு வரும் பச்சோந்திக்கு முதல் 2 வாரம்தான் பெரிய கண்டம். அந்த நாட்களில் அதற்கு மருந்தைவிட முக்கியமானது நிம்மதி.

எந்தப் பச்சோந்தி?

உலகத்தில் 200-க்கும் அதிகமான பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதி, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. இந்தியாவில் இருப்பது ஒரே ஓர் இனம். இலங்கையிலும் அந்த இனம் உண்டு.

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரை உள்ள புதர்க்காடுகளைப் போன்ற வறண்ட இடம்தான் நம் நாட்டுப் பச்சோந்திக்குப் பிடித்தமானது. வாலோடு சேர்த்து அளந்தால் ஓர் அடிக்கு மேல் இருக்கும்.

வேலியில் ஓடுகிற ஓணானைப் பலர் பச்சோந்தி என்று நினைக்கிறார்கள். ஓணான் வேகமாக ஓடும். பச்சோந்தி ஓடாது. காற்றில் ஆடும் இலையைப் போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து, ஒவ்வோர் அடியாக வைக்கும். வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடிக்கும். வித்தியாசம் அவ்வளவு எளிது!

நம் நாட்டுப் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கலாமா? கூடாது! 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் உண்டு.

அப்படியானால் வீடுகளில் வளர்க்கப்படுவது எது? வெளிநாட்டுப் பச்சோந்தி. முக்கியமாக, அரேபியாவின் ஏமன் நாட்டைச் சேர்ந்த இனம். தலையில் கிரீடம் வைத்தாற்போல் உயர்ந்த கொண்டை இருக்கும்.

இதற்கும் சட்டம் உண்டு. உலக நாடுகளின் ஒப்பந்தப்படி பாதுகாக்கப்படும் அயல்நாட்டுப் பிராணிகளும் 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்கள், 2024-ம் ஆண்டின் விதிகளின்படி, மத்திய அரசின் "பரிவேஷ்" இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தகவல் தர வேண்டும்.

ஆகவே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, காகிதம்!

பெட்டியில் வந்த பிராணிகள்

காகிதம் ஏன் முக்கியம்? அது இல்லாத பிராணி எந்த வழியில் வந்ததோ, யாருக்குத் தெரியும்!

2022 ஆகஸ்டு மாதம் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் சோதித்தார்கள். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகள். உள்ளே ஓர் ஆப்பிரிக்கக் குரங்கு, 20 பாம்புகள், 2 ஆமைகள்! எல்லாவற்றையும் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்ப நேர்ந்தது.

பெட்டிக்குள் காற்று இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. அப்படி வரும் பிராணி பாதி உயிரோடுதான் வந்து சேரும். காட்டில் பிடித்ததாக இருந்தால் குடலில் புழு, தோலில் உண்ணி இவையும் கூடவே வரும். எவ்வளவு நல்ல கூண்டில் விட்டாலும் அது தேறுவது கஷ்டம்.

நிறம் சொல்லும் சேதி

இலையில் உட்கார்ந்தால் பச்சை, மரத்தில் உட்கார்ந்தால் பழுப்பு என்று இடத்துக்குத் தகுந்தபடி பச்சோந்தி நிறம் மாறுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. இது முழு உண்மை அல்ல. அதன் மனநிலையும் உடம்புச் சூடுமே நிறமாற்றத்துக்கு முக்கியக் காரணம்.

ஸ்விட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலைச் சோதித்து 2015-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அதன் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நிற்கும். அப்போது நீல ஒளி திரும்பி வரும். தோலில் உள்ள மஞ்சளோடு அது சேர்ந்து பச்சையாகத் தெரியும். கோபம் வந்தால் படிகங்கள் விலகும். உடனே மஞ்சளும் சிவப்பும் தோன்றும்!

வளர்ப்பவருக்கு இதனால் என்ன லாபம்? பச்சோந்திக்கு வாய் பேசத் தெரியாது. நிறத்தால் பேசும். இளம்பச்சையாக இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. விடிந்ததும் சற்றுக் கறுத்திருந்தால் குளிர் காய்கிறது. வெளிறிப் போய்க் கண்ணை மூடினால், அது இரவாக இருந்தால், தூங்குகிறது. வெயில் ஏறிய பிறகும், நாள் முழுவதும் கறுத்தே இருந்தால்? பயம், அல்லது நோய்!

உயரமான கூண்டு

பச்சோந்தி மரத்தில் வாழும் பிராணி. அதற்குத் தரையைவிட உயரம்தான் முக்கியம். வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம் உள்ள கம்பிவலைக் கூண்டு வேண்டும்.

மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி உதவாது. அதில் காற்று தேங்கும். நுரையீரலில் நோய் வரும். கண்ணாடியில் தன் உருவமே தெரிந்தாலும் ஆபத்து. வேறொரு பச்சோந்தி வந்துவிட்டது என்று எண்ணி ஓயாமல் சீறும்.

கூண்டுக்குள் சுண்டுவிரல் பருமனிலும் பெருவிரல் பருமனிலும் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்ட வேண்டும். செம்பருத்திச் செடி வைக்கலாம். ஏமன் பச்சோந்தி செம்பருத்தி இலையையும் பூவையும் தின்னும். மணி பிளான்ட் கொடியும் விடலாம். அரளியும் எருக்கும் மட்டும் கூடவே கூடாது. அவை விஷம்!

இலை அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் பச்சோந்திக்குத் தைரியம் வரும். "வாங்கியது பார்ப்பதற்குத்தானே, ஒளிந்துகொண்டால் எப்படி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒளிய இடம் உள்ள பச்சோந்திதான் நாளடைவில் வெளியே வரும். இடம் இல்லாதது, நாள் முழுவதும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

கூண்டைத் தரையில் வைக்கக் கூடாது. மேலிருந்து எட்டிப் பார்க்கும் மனிதர், அதன் கண்ணுக்குப் பருந்து போலத் தெரிவார். பச்சோந்தி உட்காரும் கிளை, மனிதர் தலைக்கு மேலே இருக்கும்படி மேஜை மேல் வையுங்கள். டெலிவிஷன் பக்கத்தில் வேண்டாம். பூனையும் காக்கையும் கண்ணில் படும் ஜன்னலும் வேண்டாம்.

கிண்ணத்தில் குடிக்காது

பெரும்பாலான புதுப் பச்சோந்திகளை வாட்டுவது பசி அல்ல, தாகம். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதன் எதிரிலேயே பச்சோந்தி வறண்டு சாகும்!

காரணம் என்ன? தேங்கி நிற்கும் தண்ணீரை அது பொதுவாகக் கவனிப்பதில்லை. இலையில் மின்னும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கிக் குடிக்கும்.

ஆகவே காலையிலும் மாலையிலும் இலைகள் நனையும்படி தண்ணீரைத் தூவுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஊசியால் துளை போட்டுக் கூண்டின் மேல் வைத்தால், சொட்டுச் சொட்டாக இலையில் விழும். கீழே ஒரு தட்டு வைத்து வடிந்த தண்ணீரை எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை தூவுவதற்குள் இலைகள் உலர்வது நல்லது.

வெயில் வேண்டும், வெக்கை கூடாது

பச்சோந்தியின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. வெயில் காய்ந்துதான் சூடாகும். அது மட்டும் அல்ல. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடம்பில் "டி" வைட்டமின் உண்டாகும். அது இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து, கால் வளைந்து போகும்.

கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலால் இந்தப் பலன் இல்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இளங்காலை வெயில் நேராகப் பட வேண்டும். வெயிலே வராத அடுக்குமாடி வீடானால், இதற்கென்றே உள்ள விளக்கைக் கூண்டுக்கு வெளியே பொருத்த வேண்டும். உள்ளே பொருத்தினால் ஏறி உட்கார்ந்து சுட்டுக்கொள்ளும். இரவில் எந்த விளக்கும் வேண்டாம். இருட்டில்தான் அது தூங்கும்.

சென்னையில் குளிரைவிட வெக்கைக்குத்தான் பயப்பட வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் கூண்டை வைத்துவிட்டு மறந்தால், பிராணி வெந்து சாகும். கூண்டில் பாதி எப்போதும் நிழலாக இருக்க வேண்டும்.

காற்றைக் குடித்து வாழுமா?

பச்சோந்தி காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிறது என்று பழைய காலத்தில் ஐரோப்பாவில் நம்பினார்கள். அது தின்பதே கண்ணில் படாததுதான் காரணம்!

அதன் நாக்கு உடம்பைவிட நீளம். கண் இமைப்பதற்குள் பாய்ந்து, பசை போன்ற நுனியில் பூச்சியை ஒட்டி இழுத்துவிடும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். பூச்சியைக் கண்டதும் இரண்டும் ஒரே பக்கம் திரும்பும்.

வெட்டுக்கிளி, கடையில் "கிரிக்கெட்" என்று சொல்லும் சுவர்க்கோழிப் பூச்சி இவையே அதன் தீனி. உயிருள்ள பூச்சியாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துத் தூளை அதன்மேல் தூவிக் கொடுப்பார்கள். மருந்து அடித்த தோட்டத்துப் பூச்சி ஆகாது. குஞ்சுக்குத் தினமும் தீனி. வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

முதல் சில நாட்கள் தின்னாமல் இருக்கலாம். வாயைப் பிளந்து திணிக்காதீர்கள்! மிஞ்சிய பூச்சிகளை மாலையில் எடுத்துவிடுங்கள். இரவில் அவை தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

தொடாதீர்கள்!

உயிரியல் பூங்காக்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த பிராணியை உடனே மற்றவற்றோடு விடமாட்டார்கள். தனி இடத்தில் வைத்துக் கவனிப்பார்கள். நோய் இல்லை, தீனி எடுக்கிறது என்று தெரிந்த பிறகே கூட்டில் விடுவார்கள்.

வீட்டிலும் இதே முறைதான். முதல் 2 வாரம் பச்சோந்தியைக் கையில் எடுக்காதீர்கள். தோளில் ஏற்றிப் படம் பிடிக்காதீர்கள். பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்து காட்டாதீர்கள். தண்ணீரும் தீனியும் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

துணைக்கு இன்னொன்றும் வேண்டாம். பச்சோந்தி தனிக்காட்டு ராஜா. இரண்டை ஒரே கூண்டில் விட்டால், சண்டை போடாவிட்டாலும் பயத்திலேயே ஒன்று மெலிந்து போகும்.

பெண் பச்சோந்தியானால் ஒன்று கவனிக்க வேண்டும். ஏமன் இனத்தில் ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடும். குழி தோண்ட ஈரமணல் இல்லாவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி, உயிருக்கே ஆபத்தாகும்.

ஆபத்துக் குறிகள் இவை: பகலில் கண்ணை மூடிக் கிடப்பது, கண் குழி விழுவது, எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாவது, கிளையைப் பிடிக்க முடியாமல் நழுவுவது. கண் குழி விழுந்தாலும், எச்சம் நிறம் மாறினாலும் தாகம் என்று அர்த்தம். எதுவானாலும் தாமதிக்காமல், ஊர்வன வைத்தியம் தெரிந்த கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கூண்டைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். ஊர்வனவற்றின் எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம்.

வாசலுக்கு வந்தால்?

தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கங்களில் புதர் நிறைந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன. மரம் விட்டு மரம் போக வேண்டிய பச்சோந்தி ரோட்டில் இறங்குகிறது. பெண் பச்சோந்தி முட்டையிடுவதற்கும் தரைக்கு வரும். உடனே "விஷம், விஷம்" என்று கல்லெறிகிறார்கள்.

பச்சோந்திக்கு விஷம் கிடையாது! வயிற்றை உப்பிக்கொண்டு சீறுவது வெறும் பயமுறுத்தல். நாலு அடி ஓடக்கூட அதனால் முடியாது.

ரோட்டில் கண்டால் ஒரு குச்சியை அதன் எதிரே நீட்டுங்கள். ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கத்துப் புதரில் விடுங்கள். தாம்பரத்தில் எடுத்ததை வேறு ஊரில் கொண்டுபோய் விட வேண்டாம். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

ஊர்வனவற்றைப் பற்றிய பயத்தைப் போக்கும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ராமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணை முதலில் சிறிய அளவில் தொடங்கியது தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான். 1972-ல் அது கிண்டிக்குப் போனது. பாம்பைக் கண்டு நடுங்கிய மக்கள், பிள்ளைகளோடு வந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

வெளிநாட்டுப் பச்சோந்தியைக் கூண்டில் நிம்மதியாக வைக்க எத்தனை பாடு! உயரம், இலை, சொட்டுத் தண்ணீர், காலை வெயில், இருட்டு, தனிமை என்று எல்லாவற்றையும் தேடித் தேடி அமைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒரு வேப்பமரம், நம் நாட்டுப் பச்சோந்திக்கு இவை அத்தனையும் காசில்லாமல் கொடுக்கிறது.

அந்த மரத்தை வெட்டாமல் இருந்தால் போதும். பச்சோந்தி அங்கே தானே குடியேறும். பிள்ளைகள் தினமும் கீழே நின்று பார்க்கலாம்.