வலிக்கு நன்றி சொன்ன மருத்துவர்

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த குகையில் இருக்கிறார். அவரை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு வெயிலில் தரை சுடும், கல் குத்தும். தை பிறந்தால் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிற நமக்கு, அந்தக் குத்தலுக்கும் நன்றி சொல்லத் தோன்றுமா? ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்துக்கு விதை விழுந்த இடம், இங்கிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தமான செங்கல்பட்டு.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர். 1947-இல், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஓர் இளைஞரிடம் தன் கையைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தச் சொன்னார். நகம் பதிய இறுகியது பிடி. பிராண்ட் வலியில் அலறிவிட்டார். அழுத்தியவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே அன்று பலரும் நம்பினார்கள். உண்மை வேறு. அந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று தோலை ஒட்டி நரம்பு ஓடும் இடங்களில் அது வீக்கத்தை உண்டாக்கி நரம்பைக் கெடுக்கிறது. முன்கையில் ஆழத்தில் இருக்கும் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுவதால் பிடி வலுவாகவே இருக்கும். ஆனால் உணர்ச்சி போய்விடும். அதன்பிறகு கையைக் கெடுப்பவை சுடுகிற பாத்திரமும் திறக்க மறுக்கும் பூட்டும்தான். வேலூரில் சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தன. காவலிருந்து பார்த்தால், எலி கடித்திருக்கிறது. கடிபட்டவர் தூக்கம் கலையவே இல்லை. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு அமெரிக்காவில் பிராண்ட் செயற்கை வலி ஒன்றைச் செய்துபார்த்தார். கையுறையில் அழுத்தம் அறியும் கருவி. அளவு மீறினால் எச்சரிக்கை. நோயாளிகள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தார்கள், அல்லது கருவியை அணைத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நம்மால் அணைக்க முடியாததாக இருப்பதுதான் வலியின் பலம்.

எனக்கு அவர் வாழ்வில் மறக்க முடியாதது லண்டன் விடுதியில் கழிந்த ஓர் இரவு. நீண்ட பயணக் களைப்பில் காலுறையைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், ஒன்றும் தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடியும்வரை தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலியில் கத்தினார். ரயிலில் ஒரே வாகில் உட்கார்ந்து வந்ததால் நரம்பு மரத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இதை வைத்து, படுக்கையில் துடிக்கும் ஒருவரிடம் “வலிக்கு நன்றி சொல்” என்று யாரும் உபதேசிக்கக் கூடாது. முற்றிய புற்றுநோயின் வலி புதிதாக எதையும் எச்சரிப்பதில்லை; அதைத் தணிப்பது மருத்துவத்தின் கடமை. மார்ஃபின் மாத்திரையால் வலி அடங்கி, ஒருவர் பேரனோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட முடிந்தால், அந்த நன்றி மருந்துக்கு உரியது. நோயாளி தானாக உணர்ந்தால் மட்டுமே அது நன்றி. சுற்றி இருப்பவர்கள் கேட்டு வாங்கினால் அது இன்னொரு சுமை.

வலி போனால் காவலும் போய்விடும் என்று திருமணியில் தொடங்கிய பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பொருந்துகிறது. “கால் மதமதன்னு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒரகடம் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிறவர், ஷூவுக்குள் கிடக்கும் சிறு கல்லை அறியமாட்டார். மாலையில் புண்ணாகியிருக்கும், வலிக்காததால் மறுநாளும் அதே காலில் நடப்பார். தொழுநோயாளிகளின் பாதம் காத்த மென்மையான நுண்துளை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பைத்தான் இன்று இவர்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வேண்டுதலே ஆனாலும் வெறுங்காலோடு குன்றைச் சுற்றும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். யாருக்கானாலும் தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அங்கே இலவசம். 6 முதல் 12 மாதங்களில் குணமாகிவிடும்.