கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள், "தாத்தா, நான் சட்டம் படித்துப் பன்னாட்டு வங்கி வக்கீல் ஆகப் போகிறேன்" என்றான். ஸ்ரீ சிட்டியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் அவன் அப்பாவுக்கு ஒரே குழப்பம். "சார், வக்கீல் என்றால் கோர்ட்டு, கட்சிக்காரர், வாய்தா. இவன் சொல்வது என்ன வேலை? கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை" என்று என்னிடம் வந்தார்.

நான் வக்கீல் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் கடன் பத்திரங்களைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஒரு காலத்தில் வந்தது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். அவர்கள் இருவருக்கும் சொன்னதையே நம் சங்க வாசகர்களுக்கும் எழுதுகிறேன்.

நம் ஊர் ரயில் பெட்டி

உதாரணத்துக்கு வெகு தூரம் போக வேண்டாம். சென்னை மெட்ரோவில் நம்மில் பலர் பயணம் செய்திருப்போம். அதன் முதல் கட்டத்துக்கு 42 ரயில்கள், ரயிலுக்கு 4 பெட்டி வீதம் 168 பெட்டிகள் வாங்க, பிரான்சு நாட்டு அல்ஸ்டாம் நிறுவனத்துடன் 2010-இல் ஒப்பந்தமாயிற்று. மதிப்பு ஏறத்தாழ 24 கோடி யூரோ. முதல் 9 ரயில்கள் பிரேசிலில் தயாராகிக் கப்பலில் வந்தன. மீதி 33 ரயில்கள் நம் ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைக்கு என்று ஒதுக்கப்பட்டன. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது.

இந்தத் திட்டத்துக்கான செலவில் பெரும் பங்கு ஜப்பான் அரசின் ஜைக்கா அமைப்பு கொடுத்த கடன். முதல் தவணையாக 2,175 கோடி யென்னுக்கான ஒப்பந்தம் 2008 நவம்பரில் கையெழுத்தானது. ஆக, கடன் யென்னில், கம்பெனியின் கணக்கு யூரோவில், டிக்கெட் வசூல் ரூபாயில். கடன் கொடுத்தவர் ஜப்பானில், கம்பெனி பிரான்சில், தொழிற்சாலை ஆந்திராவில், தண்டவாளம் தமிழ்நாட்டில்.

நடுவில் ஏதாவது தவறிப்போனால் யார் யாரை எங்கே போய்க் கேட்பது? இதற்கான பதிலை, தவறு நடப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைப்பதுதான் பன்னாட்டு வங்கி, நிதித்துறை வழக்கறிஞரின் வேலை. அவர்களில் பெரும்பாலானவர்கள் கோர்ட்டுப் படி ஏறுவதே அபூர்வம். விவகாரம் கோர்ட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். அவர்கள் கேட்கும் கேள்விகள் நூறு இருக்கலாம். எனக்குப் புரிந்தவரை அவை நான்கில் அடங்கும்.

ஒன்று: கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரம் உண்டா?

ஜப்பான் நம் நாட்டுக்குத் தரும் இத்தகைய கடன்களில், கடன் வாங்குபவர் என்ற இடத்தில் இருப்பது இந்தியக் குடியரசுத் தலைவரின் பதவிப் பெயர். அரசியல் சட்டத்தின் 299-ஆவது பிரிவுப்படி மத்திய அரசின் ஒப்பந்தங்கள் அவர் பெயரில்தான் செய்யப்பட வேண்டும். ஆனால் அவர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டிய பொறுப்பு இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரி யார், அவருக்கு அந்த அதிகாரம் எந்த உத்தரவால் வந்தது என்று வழக்கறிஞர் சரிபார்ப்பார்.

இது வெறும் சடங்கல்ல. 1980-களில் லண்டனின் ஹாமர்ஸ்மித் அண்ட் புல்ஹாம் நகராட்சி, வட்டி விகித ஏற்ற இறக்கத்தை வைத்து வங்கிகளோடு நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் செய்தது. 1991-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான், நகராட்சிக்கு அப்படி ஒப்பந்தம் செய்ய அதிகாரமே கிடையாது, ஆகவே அவை செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. பெரிய பெரிய வங்கிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

இரண்டு: பணம் எப்போது நகரும்?

இங்கே என் தொழிலைச் சொன்னால் எளிதில் புரியும். பழைய கைகாட்டிக் காலத்தில், கேபினில் வரிசையாக லீவர்கள் இருக்கும். தண்டவாளத்தின் பாயிண்ட் சரியான பக்கம் திரும்பி, பூட்டிக்கொண்ட பிறகுதான் கைகாட்டியின் லீவரை இழுக்க முடியும். அதற்கு முன் கேபின்மேன் எவ்வளவு பலம் போட்டு இழுத்தாலும் லீவர் அசையாது. இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். மனிதனின் ஞாபகத்தை நம்பாமல் இரும்பை நம்புகிற ஏற்பாடு அது.

கடன் ஒப்பந்தத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதற்கு முன் நிபந்தனைகள் என்று பெயர். கம்பெனி இயக்குநர் குழுவின் தீர்மானம் வந்ததா, அடமானம் பதிவானதா, இன்சூரன்ஸ் எடுத்தாயிற்றா என்று நீண்ட பட்டியல் இருக்கும். வெளிநாட்டில் வணிகக் கடன் வாங்கும் இந்தியக் கம்பெனி, ரிசர்வ் வங்கி வழங்கும் கடன் பதிவு எண் கிடைத்த பிறகே பணத்தை எடுக்கலாம். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் பணம் நகராது.

இறக்குமதிக்கு வங்கி திறக்கும் எல்.சி.யும் இதே மாதிரிதான். கப்பல் ரசீது, விலைப்பட்டியல், இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாம் எல்.சி.யில் சொன்னபடி இருந்தால் வங்கி பணம் தர வேண்டும். வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. நம் தொழிற்சாலைகளில் ஸ்டோர்ஸ், எக்ஸ்போர்ட் பிரிவில் இருக்கும் நண்பர்களுக்கு, ஒரு எழுத்துப் பிழையால் பணம் நின்றுபோன அனுபவம் இருக்கும்.

மூன்று: எந்த ஊர்ச் சட்டம், எந்த ஊர்க் கோர்ட்டு?

பெரிய பன்னாட்டுக் கடன்களில் இங்கிலாந்துச் சட்டமோ நியூயார்க் சட்டமோ பொருந்தும் என்று எழுதிக்கொள்வது வழக்கம். இதன் விளைவை நம் பக்கத்து நாடான இலங்கையில் பார்த்தோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று இலங்கை அறிவித்தது. ஜூலையில் முதிர வேண்டிய 100 கோடி டாலர் பத்திரங்களில் 25 கோடிக்கு மேல் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, ஜூன் மாதமே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. பத்திரம் வைத்திருப்பவர்களில், தொகைக் கணக்கில் 75 சதவீதம் பேர் சம்மதித்தால்தான் நிபந்தனைகளை மாற்றலாம் என்பது அந்த வரி. கால் பங்குக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் அவர் ஒருவரே முட்டுக்கட்டை போடலாம். பத்திரம் வெளியிட்ட நாளில் யாரும் பெரிதாக நினைத்திராத ஒரு வரி, ஒரு நாட்டின் நெருக்கடி நேரத்தில் குறுக்கே வந்து நின்றது.

தீர்ப்பு வாங்கினால் மட்டும் போதாது, அதை எங்கே நிறைவேற்றுவது என்பதும் கேள்வி. நமது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவுப்படி, மத்திய அரசு அறிவித்த சில நாடுகளின் மேல் நீதிமன்றத் தீர்ப்புகளை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். பிரிட்டனும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு, அமெரிக்கா இல்லை. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. நம்மில் சில வீடுகளில் துபாயிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அங்கே விட்டு வந்த வங்கிக் கடன் கடலைத் தாண்டி வராது என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை மாற்றிக்கொள்வது நல்லது. வங்கிக்குக் கடிதம் எழுதித் தவணை பேசி முடிப்பதே மேல்.

நான்கு: பணம் திரும்பாவிட்டால் யார் தலையில்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1990-களின் தொடக்கத்தில், உடன் வேலை பார்த்த ஒருவர் ஒரு கடன் சங்கத்தில் கடன் வாங்க என்னிடம் ஜாமீன் கேட்டார். டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பாரத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. ஒரு வருடத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த மாதச் சம்பளத்திலிருந்தே எனக்குப் பிடித்தம் தொடங்கிவிட்டது. இரண்டரை வருடம் கட்டினேன். அந்த ஆண்டு மகளை நல்ல பள்ளியில் சேர்க்க வைத்திருந்த பணம் அதிலேயே போயிற்று. "முதலில் அவரைத் தேடிப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று சங்கத்தில் வாதாடினேன். அங்கிருந்த வயதான குமாஸ்தா ஒருவர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் யாரைக் கேட்பது என்பது கடன் கொடுத்தவரின் விருப்பம். அன்றுதான் இத்தகைய காகிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

பெரிய இடத்திலும் சட்டம் அதேதான். கிங்பிஷர் விமான நிறுவனத்தின் கடனுக்கு விஜய் மல்லையா சொந்த ஜாமீன் கொடுத்திருந்தார். 2017 ஜனவரியில் பெங்களூர் கடன் மீட்புத் தீர்ப்பாயம் 6,203 கோடி ரூபாயும் அதற்கான வட்டியும் வசூலிக்க உத்தரவிட்டது. ஸ்டேட் வங்கி தலைமையில் 13 வங்கிகள் அந்தத் தீர்ப்பை லண்டனுக்குக் கொண்டுபோயின. 2021 ஜூலையில் அங்குள்ள நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. கடல் தாண்டியும் ஜாமீன் கையெழுத்து செல்லுபடியாகும்படி செய்தது பன்னாட்டு வழக்கறிஞர்களின் உழைப்புதான்.

இந்த வேலைக்குப் போவது எப்படி?

பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு கிளாட் நுழைவுத் தேர்வு உண்டு. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே தொழில் செய்யலாமா என்ற நீண்ட வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், அவர்கள் இங்கே அலுவலகம் போட்டுத் தொழில் செய்ய முடியாது, ஆனால் தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல எப்போதாவது வந்து போகலாம் என்றது. பிறகு 2023-இல் பார் கவுன்சில் விதிகள் வகுத்து, நிபந்தனைகளோடு கதவைச் சற்றுத் திறந்தது. எனவே இரு நாட்டுச் சட்டமும் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் இருநூறு பக்க ஒப்பந்தத்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வரி விடாமல் படிக்கிற பொறுமை வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு புத்திசாலித்தனம் இருந்தும் பயனில்லை. இதையே அந்தப் பையனிடம் சொன்னேன்.

அவன் அப்பாவுக்குச் சொன்னது வேறு. நம்மைப் போன்று ஊர் விட்டு வந்து வாழ்பவர்களுக்கு, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாததால், நண்பர்களே உறவு. தனிநபர் கடனுக்கும் சீட்டுக்கும் ஒருவருக்கொருவர் ஜாமீன் போடுகிறோம். போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆபத்துக்கு உதவாதவன் நண்பன் அல்லன். ஆனால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் பாரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள். அவர் கட்டாவிட்டால் நாம் கட்டும் சக்தி உண்டா என்று வீட்டுக்காரியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் அன்று கேட்டிருந்தால், என் மனைவி அந்தப் பாரத்தைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.