நெடுந்தீவுக் குதிரையும் வீட்டுக் கிணறும்

நெடுந்தீவில் திரியும் குதிரைகளைக் காட்டுக் குதிரைகள் என்று சொல்வதுண்டு. உண்மையில் அவை வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் தீவில் வளர்க்கப்பட்டவை பின்னாளில் கேட்பாரற்றுத் திரியத் தொடங்கின. பழைய லாயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். 2015-இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

குறிகாட்டுவானில் படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வருபவர்களில் பலர், குதிரையையும் பெருக்க மரத்தையும் படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். பெயரும் ஆண்டும் எழுதிய பலகை அவர்களுக்குத் தகவல் தரும், அவ்வளவுதான். தகவல் மட்டுமே விளக்கம் ஆகிவிடாது என்று அமெரிக்க எழுத்தாளர் பிரீமன் டில்டன் 1957-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். காட்டும் பொருள் காண்பவரின் வாழ்க்கையை எங்காவது தொட வேண்டும். சிறுவருக்குச் சொல்வது பெரியவருக்குச் சொல்வதன் சுருக்கமாக இருக்கக் கூடாது. இவை அவருடைய விதிகளில் இரண்டு.

யாழ்ப்பாணத்து மாணவருக்கு அந்தத் தொடுப்பு வீட்டுக் கிணற்றிலேயே இருக்கிறது. குடாநாட்டைப் போலத் தீவும் சுண்ணக்கல் நிலம், வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் கல்லினூடே இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். இதைக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் குட்டைகள் வற்றும்போது குதிரைகள் சாவது ஏன் என்பது அங்கிருந்து தானாகவே விளங்கும். பனையோலை வேலிக்குப் பதிலாக இங்கே பவளக்கல்லை அடுக்கி வேலி கட்டியிருப்பதும் அப்படித்தான்: மண் குறைவு, கல் தாராளம்.

மனிதர் கொண்டுவந்த குதிரையைத் தேசிய பூங்கா ஏன் காக்க வேண்டும்? அராபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் பெருக்க மரத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது.

1938-இல் பறவைகள் சரணாலயமாகி, 2015-இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்தில் தொடுப்பு வேறு. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டி உண்கிறது. அதன் இளஞ்சிவப்பு அந்த உணவிலிருந்து வருவது. களப்பில் எப்போது உப்பு ஏறும், எப்போது இறால் படும் என்று அங்கு தொழில் செய்யும் மீனவருக்குத் தெரியும். அவரைப் பேசவிட்டால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

பாடசாலைச் சுற்றுலாவுக்குக் காலமும் முக்கியம். பூநாரைக்கு மாரிகாலம் ஏற்றது. நெடுந்தீவுக்கு ஒரே வகுப்பைத் தை மாதத்தில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் கூட்டிச் சென்று, அதே குட்டையின் கரையில் நிறுத்தலாம்.