பல்லுக்குப் பயந்து கட்டிய பெட்டி

அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பவர் ஒருவரின் வீட்டு நிலவறைக்குள் இறங்கினால், பாம்புக்கு முன்னால் எலிதான் கண்ணில் படும். கண்ணுக்கும் முன்னால் மூக்கில் படும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன 'பால் பைதான்' என்ற சிறிய மலைப்பாம்பு அங்கே பலரும் விரும்பி வளர்க்கும் பிராணி. பாம்பு ஒன்றிரண்டு என்றால் உறையவைத்த எலியைக் கடையில் வாங்கிச் சமாளிக்கலாம். ஐம்பது, நூறு என்று பெருகினால் கட்டுப்படியாகாது. அப்போதுதான் மனிதர் ரம்பமும் மரச்சட்டமுமாக உட்கார்ந்து, எலிக்கு வீடு கட்ட ஆரம்பிக்கிறார்.

பெரிய வேலைப்பாடு எதுவும் கிடையாது. மரச்சட்டத்தில் ஓர் அலமாரி. சிமென்ட் கலவை குழைக்கிற பிளாஸ்டிக் தொட்டிகள் இழுப்பறை மாதிரி அதில் நுழையும். தொட்டிக்குத் தனி மூடி இல்லை. மேல்தட்டின் அடியில் இறுக்கி அடித்த கம்பி வலையே மூடி. வலையை ஓரிடத்தில் குழிவாக வளைத்துத் தீவனத்தைக் கொட்டிவிட்டால், எலி கீழேயிருந்து எக்கிக் கொறித்துக்கொள்ளும்.

கட்டுகிறவரின் முதல் பயம் பல். எலியின் வெட்டுப்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேயவில்லை என்றால் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும். பல்லின் முன்புறப் பூச்சில் இரும்பு கலந்திருக்கிறது. அந்த மஞ்சள் நிறம் அதனால் வந்ததுதான். மரத்தைத் தின்று துப்பும் இந்தப் பல், பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? கொறிக்க ஒரு விளிம்பு வேண்டும். வழுவழுப்பான சுவரில் பல்லுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆணி பட்ட ஒரு துளையோ, தூக்கி நிற்கும் ஓரமோ இருந்தால் போதும், ஓரிரவில் வாசல் திறந்துவிடும். அதனால்தான் தொட்டியின் உதடு எலிக்கு எட்டாதபடி வலையோடு ஒட்டி அமைகிறது. வளர்ப்பது சுண்டெலி என்றால் கால் அங்குல வலை வேண்டும். அரை அங்குலக் கண்ணில் குட்டிகள் சர்வ சாதாரணமாக வெளியே வந்துவிடும்.

பல்லைச் சமாளித்தவரைத் தண்ணீர் கவிழ்க்கும். அலமாரிக்கு மேலே ஒரு வாளி, அதிலிருந்து மெல்லிய குழாய், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு எஃகு நிப்பிள். நாக்கால் தள்ளினால் சொட்டும், விட்டால் நின்றுவிடும். தொட்டியில் படுக்கையாகப் பரப்பிய மரச்சீவல் ஒன்று நிப்பிள் வாயில் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நாம் தூங்கும் 8 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். உடம்பில் ரோமமே முளைக்காத குட்டிகள் அந்த ஈரத்தில் விறைத்துச் செத்துக் கிடக்கும். மாறாக, குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் கடைசித் தொட்டி வறண்டு போகும். ஆய்வுக்கூட அலமாரிகள் சிலவற்றில் நிப்பிளைப் பெட்டிக்கு வெளியே பொருத்தி, எலி எட்டிக் குடிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஒழுகினாலும் வெளியேதான் ஒழுகும். வீட்டில் கட்டுகிறவர்கள் முதலில் காப்பியடிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

அடுத்தது சிறுநீர். புதுச் சிறுநீரில் அத்தனை நெடி இராது. படுக்கையில் இருக்கும் பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. ஈரமும் சூடும் கூடக்கூட இது வேகம் பிடிக்கும். தினமும் அந்த அறையில் புழங்குகிறவரின் மூக்கு மரத்துப்போயிருக்கும். அவர் மூக்கு இருப்பதும் நாலைந்து அடி உயரத்தில். எலியின் மூக்கோ சீவலின் மேலேயே இருக்கிறது. எலிகளின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி தரும் நோயை அம்மோனியா முற்றச் செய்கிறது என்று 1976இல் வெளியான ஆய்வு காட்டியது. மணக்கிறதே என்று தேவதாரு வகைச் சீவலைப் போட்டாலும் வம்புதான்: அது எலியின் ஈரல் நொதிகளை மாற்றுகிறது என்பது 1967லேயே தெரிந்த சங்கதி. ஆஸ்பென் மரச்சீவல் நல்லது.

எண்ணிக்கையும் கைமீறிப் போகும். பெரிய எலிக்குக் கர்ப்பம் 21 முதல் 23 நாள்; ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடி சினைப்படும். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு 800 சதுர செ.மீ. தரை வேண்டும் என்கிறது அமெரிக்க ஆய்வுக்கூட வழிகாட்டி நூல். நாலு தாய்களை ஒரே தொட்டியில் திணிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கையால் கட்டிய எலி வீடு எத்தனை தூரம் போகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி ஊரில் இருந்த அபி லாத்ராப் சாட்சி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 1900 வாக்கில் அழகுச் சுண்டெலிகளை விற்கத் தொடங்கி, மரப்பெட்டியும் வைக்கோலுமாக ஒரு கட்டத்தில் 11,000க்கு மேல் வைத்திருந்தார். கூண்டு கழுவ ஊர்ப் பிள்ளைகளுக்கு மணிக்கு 7 சென்ட் கூலி. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் 'சி57 பிளாக் 6' சுண்டெலி, அவர் வளர்த்த எலிகளின் வாரிசு.

பெட்டிக்குள் இருப்பது பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுவதுமில்லை. 2016 டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தில், வீட்டில் எலி வளர்த்த ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். காரணம் சியோல் வைரஸ். தேடிப் போனதில் 11 மாநிலங்களில் 31 வளர்ப்பிடங்களில் தொற்று இருந்தது; மனிதர்கள் சிலரையும் அது பற்றியிருந்தது. அந்த எலிகளோ நோயின் சாயலே இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தன. எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாக எழும்போது, சுவாசிக்கிறவரின் உள்ளே போகிறது இந்த வைரஸ். அதனால் பெட்டியை உலரப் பெருக்கக் கூடாது. கிருமிநாசினி தெளித்து, ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

அதற்காக வாசனையே இல்லாமல் தேய்த்துக் கழுவினாலும் சரிவராது. வாடைதான் எலிக்கு அடையாளம். இணை சேர்ந்து சில நாளே ஆன பெண் சுண்டெலிக்கு அந்நிய ஆணின் வாடை பட்டால் கரு நிற்பதில்லை என்று 1959இல் ஆய்வாளர் ஹில்டா புரூஸ் கண்டறிந்தார். தொட்டிக்குத் தொட்டி ஆணை மாற்றிப் போடுகிறவர், குட்டி வரவில்லையே என்று தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஆண் சுண்டெலிகளைச் சேர்த்து வைத்திருந்தால் சிறுநீர் ஊறிய பழைய சீவலைத் திரும்பப் போட்டாலும் சண்டை கூடும். கூடு கட்டிய காகித நறுக்குகளைப் போட்டால் குறையும். பெட்டியைக் கழுவிக் காயவைத்துப் புதுச் சீவலைப் பரப்பிய பிறகு, பழைய கூட்டிலிருந்து உலர்ந்த நறுக்கு ஒரு பிடி எடுத்து மூலையில் வைத்துவிட்டு இழுப்பறையை மூடலாம்.