வழியை அனுப்பினால் மட்டும் போதுமா?



நம் குழுக்கள் இப்போது சரக்கை எடுத்துக்கொண்டு வெளியூர் போகின்றன. கண்காட்சி, விற்பனைக் கடை, பூமாலை வணிக வளாகம் என்று வண்டி வாடகைக்குப் பிடிக்கிறோம். முதல் நாள் ராத்திரி குழுவில் ஒருத்தர் செல்போனில் மேப் பார்த்து நல்ல வழியாகத் தேர்ந்தெடுக்கிறார். அதை டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுகிறார். காலையில் பார்த்தால் வண்டி வேறு வழியில் போகிறது.

"ஏனுங்க தம்பி, நாங்க அனுப்பிச்ச வழி இது இல்லீங்களே?" என்று கேட்டால், "நீங்க அனுப்பிச்சதைத்தானுங்க அக்கா போட்டிருக்கேன்" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அது எப்படி என்று தெரிந்துகொண்டால் வாடகைக் காசு மிச்சமாகும், சரக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

அனுப்பும்போது என்ன போகிறது?

கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். பஸ் எந்த ரோட்டில் போகும் என்பதை நாம் சொல்வதில்லை. மேப்பில் வழியை அனுப்புவதும் ஏறக்குறைய அப்படித்தான். கிளம்பும் இடம், சேரும் இடம், நடுவில் நாம் குறித்த நிறுத்தங்கள், இவைதான் முக்கியமாகப் போகின்றன. நம் போனில் பார்த்த நீலக்கோடு அப்படியே போய்ச் சேரும் என்று நம்ப முடியாது.

டிரைவரின் போனோ, காரில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியோ அந்த இடங்களை வாங்கிக்கொண்டு, புதிதாகக் கணக்குப் போடுகிறது. அந்த நேரத்தில் எந்த ரோட்டில் நெரிசல், சுங்கச்சாவடியைத் தவிர்க்கச் சொல்லி வைத்திருக்கிறார்களா, கருவியில் இருக்கும் மேப் பழையதா புதியதா என்பதை வைத்துத் தானாக ஒரு வழியைப் பிடிக்கும். அதனால்தான் ராத்திரி பார்த்தது ஒன்று, காலையில் வருவது ஒன்று.

ஓர் உதாரணம்

அன்னூர்ப் பக்கத்துக் குழு ஒன்று மே மாதத்தில் மசாலாப் பொடியும் ஊறுகாயும் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று பர்லியார், குன்னூர் வழி. இன்னொன்று கோத்தகிரி வழி. இரண்டும் ஊட்டிக்குத்தான் போகும். சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போலீசார் ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். இவை போதாதென்று காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழியாக மூன்றாவது ரோடும் உண்டு. அது 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள குறுகலான காட்டு ரோடு. ஆனை நடமாட்டம் உள்ள இடம். சரக்கு ஏற்றிய வண்டிக்கும் புது டிரைவருக்கும் அது தோதான வழி இல்லை.

"ஊட்டி" என்று மட்டும் அனுப்பினால் இதில் எதை வேண்டுமானாலும் கருவி எடுக்கலாம். நடுவில் "குன்னூர் பஸ் நிலையம்" என்று ஒரு நிறுத்தம் சேர்த்து அனுப்பினால், கருவி முதலில் குன்னூருக்குத்தான் வழி தேடும். திரும்பி வரும்போது "கோத்தகிரி பஸ் நிலையம்" என்று சேருங்கள். ரோடு பிரிகிற இடத்தைத் தாண்டி, நமக்கு வேண்டிய ரோட்டின் மேலேயே ஒரு நிறுத்தம் வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் சூட்சுமம் இவ்வளவுதான்.

செய்யும் முறை

1. கூகுள் மேப்ஸில் சேரும் இடத்தைத் தேடி "டைரக்ஷன்ஸ்" என்பதைத் தொடுங்கள். "என் இடம்" என்று விட்டுவிடாமல், வண்டி எங்கே கிளம்புமோ அந்த இடத்தைப் போடுங்கள்.

2. மேலே கார் படம் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். இருசக்கர வண்டிப் படம் இருந்தால், வேன் நுழைய முடியாத சந்து பொந்தெல்லாம் காட்டும். ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

3. மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு "ஆட் ஸ்டாப்" மூலம் நிறுத்தங்களைச் சேருங்கள். 9 நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். நமக்கு இரண்டு மூன்று போதும்.

4. நிறுத்தத்தைப் பெரிய ரோட்டின் மேலேயே வையுங்கள். கொஞ்சம் தள்ளி வைத்தால் வண்டியைச் சந்துக்குள் கூட்டிப்போய் விடும்.

5. அதே மூன்று புள்ளிகளில் "ஷேர் டைரக்ஷன்ஸ்" கொடுத்து டிரைவருக்கு அனுப்புங்கள்.

6. அனுப்பியதோடு வேலை முடியவில்லை. டிரைவர் போனில் அதைத் திறக்கச் சொல்லி, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, வழியில் வரும் ஊர்ப் பெயர்களையும் கிலோமீட்டரையும் ஒத்துப் பாருங்கள்.

காரிலேயே ஜி.பி.எஸ். இருந்தால்?

சில வண்டிகளில் டிரைவரின் போனை வயரில் இணைத்தால், போனில் உள்ள மேப்பே காரின் திரையில் தெரியும். அதற்கு மேலே சொன்ன முறையே போதும்.

சில வண்டிகளில் தனி மேப் உள்ள கருவி இருக்கும். வாட்ஸ்அப் இணைப்பு அதில் திறக்காது. சில கருவிகள் ஜி.பி.எக்ஸ். என்ற வகைக் கோப்பை பென்டிரைவ் அல்லது மெமரி கார்டு வழியாக வாங்கிக்கொள்ளும். கூகுள் மேப்ஸ் அந்தக் கோப்பை நேராகக் கொடுப்பதில்லை. நமக்குச் சுலபமான வழி, இடத்தின் எண்களைக் கையால் போடுவது.

மேப்பில் ஓர் இடத்தை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். அதன் விவரத்தில் இரண்டு எண்கள் வரும். கோவை நகரத்துக்கு 11.01, 76.95 என்று தொடங்கும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களையும் விடாமல் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் கோயம்புத்தூர் வராது, வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடல்தான் வரும்!

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதற்கும் இந்த எண்களே மருந்து. புதுப்பாளையம் என்று தேடினால் நம் கொங்குச் சீமையிலேயே எத்தனையோ வரும். எண்கள் குழப்பாது. குழுவின் சரக்கு அறை, வழக்கமாக வாங்கும் கடை, விற்கும் இடம் இவற்றின் எண்களைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில்?

ஜி.பி.எஸ். வேலை செய்ய இண்டர்நெட் வேண்டியதில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைப் போன் ரேடியோ மாதிரி வாங்கிக்கொள்கிறது. மேப் படம் வருவதற்குத்தான் நெட் வேண்டும். ஆகவே மலை ஏறும் முன்பே, மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, "ஆஃப்லைன் மேப்ஸ்" என்பதில் அந்தப் பகுதியை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். அப்படி இறக்கிய மேப்பில் வழி தெரியும். நெரிசலோ, இன்று ரோடு அடைத்திருப்பதோ தெரியாது.

மேப் சொல்லாததைக் கேட்டு அறியுங்கள்

2024 ஜனவரியில், கூடலூரில் கர்நாடகாவுக்குத் திரும்பிய ஒரு கார், மேப் காட்டிய குறுக்கு வழியில் போய்ப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. போலீசாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துதான் மீட்டார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, வெள்ளத்தில் முன்பகுதி இடிந்துபோன பாலத்தில் ஏறிய கார் ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அவர்கள் மேப்பை நம்பிப் போனதாகச் செய்திகள் வந்தன. மேப்பில் ரோடு இருக்கிறது என்பதால் நேரிலும் ரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய ரோட்டை விட்டுச் சின்ன ரோட்டில் திரும்பச் சொன்னால், வண்டியை ஓரமாக நிறுத்தி டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அனுமதி விஷயத்தையும் மேப்பை நம்பி விடக்கூடாது. நீலகிரிக்கு வெளி மாவட்ட வண்டிகள் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. சத்தியமங்கலத்துக்கு மேலே 27 வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. நீங்கள் போகும் நாளில் என்ன விதி, எத்தனை மணி வரை விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

* வண்டி பேசும்போதே எந்த வழி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வாடகை என்று நோட்டில் எழுதுங்கள். பின்னால் "சுத்திப் போனோம், கூடக் கொடுங்க" என்ற பேச்சு வராது.
* வண்டியில் போகும் உறுப்பினர் ஒருவர் தன் போனிலும் அதே வழியைப் போட்டு வைக்கட்டும்.
* வழியில் வரும் நாலைந்து ஊர்ப் பெயர்களைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் பேசும்.
* மலைப் பாதையில், ஓட்டும்போது டிரைவர் போனைத் தொட வேண்டாம். பக்கத்தில் உட்காருபவர் பார்த்துச் சொல்லட்டும். மேப்ஸில் குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு.

கணக்கு நோட்டு எழுதவும் பேங்கில் நேராகப் பேசவும் கற்றுக்கொண்டோம். வண்டி போகிற வழியும் இனி டிரைவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இரண்டு போனை எடுத்து வைத்து, ஒருத்தர் அனுப்பி இன்னொருத்தர் திறந்து பாருங்கள். பத்து நிமிஷம் போதும்.